கை தெரியாத மாலை

என் மாலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்த வெள்ளைச் சால்வை, கடைசியில் அதை மேசைமேல் வைத்த விதத்திலேயே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"இது மெஷின்ல செஞ்சதும்மா," என்றார்.

கைவினைச் சந்தையின் தேர்வுக் குழுவுக்கு அவர்தான் தலைவி. கொளுத்தும் வெயிலிலும் தோளில் வெள்ளைச் சால்வை கிடக்கும் என்பதால் நான் வைத்த பெயர் அது. பிறகு வைத்த பெயர்களை இங்கே எழுத முடியாது.

"இல்லீங்கம்மா, எல்லாம் என் கையால பண்ணது."

"கையால பண்ணா கை தெரியணுமே. இதுல கையே தெரியல பாருங்க. அடுத்த வாரம் வேற எதாவது கொண்டாங்க."

கை தெரியக் கூடாது என்பதற்குத்தானே அத்தனை பாடும் பட்டேன்! குஷன்மேல் சாட்டின் ரிப்பன்களை நெடுக்கில் குண்டூசியால் குத்திவிட்டு, குறுக்கு ரிப்பனை ஒன்றின் மேலும் அடுத்ததன் கீழுமாக ஓட்டிப் பின்ன வேண்டும். பின்பக்கம் ஒட்டுத்துணி வைத்து இஸ்திரி போட்டு, வட்டமாக வெட்டி, பட்டன் கூட்டின்மேல் இழுத்துப் போர்த்தி, பின்மூடியைக் கட்டைவிரலால் அழுத்தி மூட வேண்டும். அப்படி ஒவ்வொரு பட்டனிலும் பின்னல் கட்டம் நட்டநடுவில் உட்காரும்படி, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு செய்து, கோத்து எடுத்த மாலை அது.

அந்தச் சந்தையில் ஒரு மேசை கிடைத்தால் எனக்கு விடுதலை. என் நாத்தனார், அதாவது என் வீட்டுக்காரரின் அக்கா, துணி ஆல்டரேஷன் கடை வைத்திருக்கிறார். ஊரில் உள்ளவர்களின் கால்சட்டைகளுக்கெல்லாம் அங்கே நான்தான் மடிப்பு அடிக்கிறேன், ஜிப் மாற்றுகிறேன். யார் வந்தாலும் அவர் டீயை உறிஞ்சிக்கொண்டே, "நம்ம தம்பி பொண்டாட்டி. வீட்ல சும்மாதானே இருக்கான்னு வெச்சிருக்கேன்," என்பார். என்னை ஊறுகாய் ஜாடி மாதிரி எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம் என்பது அவர் எண்ணம்.

அடுத்த வாரம் குழு கூடுகிற அன்று காலையில் என் வீட்டுக்காரருக்கு உதவி செய்யும் ஆசை வந்தது. அவர் லிஃப்ட் மெக்கானிக்.

"லிஃப்டையே தூக்கி நிறுத்தறவன், இஸ்திரிப் பெட்டியத் தூக்க மாட்டேனா? நீ போய் குளி," என்றார்.

குளிக்கப் போனேன். போயிருக்கக் கூடாது. அவருக்கு போன் வந்திருக்கிறது. யாரோ லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டார்களாம். அவர்களுக்குத் தைரியம் சொல்லி முடிப்பதற்குள் பெட்டியடியில் ரிப்பன் சுருங்கி, ஓரமெல்லாம் கருகிவிட்டது. மறைத்துவிடலாம் என்று அவரே அதை வெட்டிப் பட்டன்களில் போர்த்தி, மாலையாகக் கோத்தாராம். ஒன்றும் நேராக இல்லை. போதாததற்கு நூல் வேறு தொங்கியது. கண்ணில் பட்டால் என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும் என்று தெரிந்து, அந்த மாலையை டப்பாவின் அடியில் ஒளித்துவைத்திருக்கிறார்.

வெள்ளைச் சால்வை என் புது மாலைகளை ஒவ்வொன்றாக ஓரம் தள்ளினார். டப்பாவின் அடிக்குப் போனதும் அவர் கை நின்றது.

"அடடா! இது பேசுது! யார் பண்ணது?"

கூட வந்திருந்த என் வீட்டுக்காரர், திட்டு விழப்போகிறது என்று நினைத்து எழுந்து நின்றார். "நான்தாங்க. தெரியாம பண்ணிட்டேன்."

"தெரியாம பண்றதுதாங்க கலை!"

வீட்டுக்கு ஒரு மேசைதான் என்பது விதி. அது அவர் பேருக்குப் போய்விட்டது. என் வயிறு அந்த ரிப்பனைவிட மோசமாக எரிந்தது.

சந்தை நடந்த நாளெல்லாம் அவர் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்து, "எங்க கருகணும்னு ரிப்பனே சொல்லும்," என்று வருகிறவர்களிடம் பேசினார். அவர்களும் தலையாட்டினார்கள். நான் 'உதவியாளர்' என்ற அட்டையை மாட்டிக்கொண்டு பின்னால் பின்னிக் கொடுத்தேன். என் நேரான மாலைகள் டப்பாவிலேயே தூங்கின.

கடைசி நாள் நாத்தனார் வந்தார். "பாத்தியா என் தம்பியோட கைய! நீ திங்கக்கிழமை கடைக்கு வந்துடு. மேசைய அவன் பாத்துப்பான்."

"சரிங்க அண்ணி," என்றது வாய். உள்ளுக்குள் எதையாவது எடுத்து உடைக்கலாம் போலிருந்தது.

அந்த நேரம் பார்த்துக் குழுவும் வந்தது. கண் முன்னால் ஒரு பட்டன் செய்து காட்டுகிறவருக்கு மேசை நிரந்தரம் என்றார் வெள்ளைச் சால்வை. என் வீட்டுக்காரர் உட்கார்ந்தார். இத்தனை நாள் பக்கத்தில் இருந்து என் வேலையைப் பார்த்தவர் இல்லையா? ரிப்பனை அழகாக ஓட்டினார், பெட்டியைப் பதமாக வைத்து எடுத்தார், துணியைச் சுருக்கமில்லாமல் இழுத்து மூடினார். கட்டம் நட்டநடுவில் உட்கார்ந்தது.

"பாத்தியா?" என்று குழந்தை மாதிரி என்னிடம் நீட்டினார். "கோணலே இல்ல!"

உண்மையில் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பிறகுதான் வெள்ளைச் சால்வையின் முகத்தைப் பார்த்தேன்.

"என்னங்க இது, உங்க கையவே காணோம்? மெஷின் மாதிரி இருக்கே." அவர் எங்களைச் சுற்றிப் பார்த்தார். "உங்க வீட்ல வேற யாராவது பண்ணுவாங்களா?"

"இவளா?" நாத்தனார் முந்திக்கொண்டார். "இவ என் கடையில மடிப்பு அடிக்கிறவ."

நான் வீட்டுக்காரரை எழுப்பிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். கடை கடையாக அலைந்து வாங்கிய மயில்கழுத்து நிற ரிப்பன் இருந்தது. அதை என் மனசுக்குப் பிடித்தபடி பின்னினேன், ஒரு இழைகூட விலகாமல். பிறகு பெட்டியை அதன்மேல் வைத்தேன். வைத்தவள் எடுக்கவில்லை.

"ஏம்மா, கருகுது!" என்று பதறினார் வீட்டுக்காரர்.

"கருகட்டுங்க."

நாற்றம் வந்தது. அழுகையும் வந்தது; விழுங்கிக்கொண்டேன். அந்தப் பின்னலைப் போல இன்னொன்று எனக்கு அமையுமா தெரியாது. கருகியதைக் கோணலாக வெட்டி, கோணலாகப் போர்த்தி, ஒரு நூலைத் தொங்கவிட்டுக் கொடுத்தேன்.

"பேசுதே!" வெள்ளைச் சால்வை அதை நெஞ்சோடு வைத்துக்கொண்டார். "வீட்டுக்காரர்கிட்ட நல்லாவே கத்துக்கிட்டீங்கம்மா."

"ஆமாங்கம்மா. மேசை யார் பேர்ல?"

"உங்க பேர்லதான். இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க."

"அப்ப திங்கக்கிழமை?" என்று நாத்தனார் இழுத்தார்.

"நீங்களே மடிப்பு அடிச்சுக்கோங்க அண்ணி," என்றேன்.

பேனாவை வாங்கினேன். என் கையெழுத்து அச்சடித்தது போல இருக்கும். இதையும் மெஷின் என்று சொல்லித் தொலைத்தால் என்ன செய்வது? என் பெயரை நன்றாகக் கோணலாக எழுதிக் கொடுத்தேன்.