வேண்டிப் பெற்ற மறதி

மேற்கே மலைத்தொடர் நீலம் மங்கிக் கருமை பூண, பகலெல்லாம் வெயில் குடித்த பாறைகளின்மேல் நாரைகள் ஒற்றைக் கால் ஊன்றி அசைவற்று நிற்க, குறுக்கணையின்மேல் வழிந்து வீழும் காவிரியின் ஓசை கரையோரத்து வெற்றிலைக் கொடிக்கால்களின் ஊடே புகுந்து தண்ணெனப் பரவ, அகத்தி மரத்து வெண்பூக்கள் மெல்லிருளில் ஒவ்வொன்றாய் ஒளிரத் தொடங்கும் மாலைப் பொழுதில் ஜேடர்பாளையத்தை நீவிர் கண்டிருப்பீராயின், துயர் என்பது இவ்வழியே ஒருநாளும் நடந்ததில்லை என்றே எண்ணியிருப்பீர். ஆயினும், மேட்டூரில் பேரணை எழும்பிக்கொண்டிருந்த அவ்வாண்டுகளில், அழுகை ஓயாத வீடொன்று அவ்வூரில் இருந்தது.

அது கொடிக்கால் உழவன் சின்னண்ணனின் வீடு. அவனும் மனைவி அங்கம்மாளும் நெடுங்காலம் ஏங்கிப் பெற்ற ஒரே மகள் பொன்னாயி, ஐந்து அகவையினள், தந்தையின் தோளேறிக் கொடிகளுக்கெல்லாம் பெயர் சூட்டி விளையாடியவள். ஆடிப்பெருக்கன்று நவதானிய முளைப்பாலிகையை ஆற்றில் விடத் தாயின் கைபற்றிச் சென்ற அச்சிறுமி, பாசி படர்ந்த படியில் கால் வழுக்கி, பற்றிய கை நழுவி, செந்நிறப் புதுப்புனலோடு போய்விட்டாள். அன்றுமுதல் அங்கம்மாள் தன் வலக்கையை விரித்து விரித்துப் பார்த்து, "இந்தக் கைதானுங்க உட்டுடுச்சு" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். உணவும் உறக்கமும் அவளைவிட்டு நீங்கின. அவளருகே அமர்ந்து தானும் அழுதிருக்கலாம் சின்னண்ணன், அழவில்லை. அவ்வழுகையைக் கேட்க மாட்டாதவனாய், விடியுமுன் தோட்டம் புகுந்து, விளக்கேற்றிய பின்னரே வீடு திரும்புவான்.

அவ்வாறிருக்கையில் ஒரு மாலை, குறுக்கணையின் கீழே கிழிந்த வலையொன்றில் சிக்கி மூச்சுத் திணறிக்கொண்டிருந்த நீர்நாயைக் கண்டு இரங்கி, இடுப்பிலிருந்த கத்தியால் வலைக்கண்களை அறுத்து அதனை விடுவித்தான். அது மூழ்கிய சுழியினின்று, ஈரக் கூந்தல் தோளில் புரள, நீரணங்கு ஒருத்தி எழுந்து நின்றாள்.

"உயிர் தந்தாய். இரண்டு வேண்டுதல்களை நிறைவேற்றுவேன், கேள்" என்றாள்.

"எம்புள்ளயத் திருப்பிக் குடுங்க, ஆத்தா!"

"இறந்தாரை மீட்கும் ஆற்றல் எனக்கில்லை."

சின்னண்ணன் தலைகவிழ்ந்தான். பின்பு, "அப்படீன்னா எம்பட பொண்டாட்டி அழுவறத நிறுத்துங்க. அந்தத் துக்கம் ஒரு சொட்டுக்கூட அவகிட்ட இருக்கக் கூடாதுங்க" என்றான்.

அணங்கு அவனை நெடிது நோக்கி, "ஒரு துளியும் வேண்டாவா?" என வினவினாள். "வேண்டாமுங்க" என்றான் அவன்.

வீடு திரும்பியவனை வாயிலிலேயே பாட்டொலி எதிர்கொண்டது. கூந்தல் முடித்து, முகம் மலர்ந்து, ஆவி பறக்கச் சோறு வடித்திருந்த அங்கம்மாள், "கையக் கழுவிட்டு உக்காருங்க. ஏனுங்க, இப்படி எளச்சுப் போயிட்டீங்க?" என்று பரிவோடு கேட்டாள். மகிழ்ச்சியால் கண் கலங்கிய சின்னண்ணன், "பொன்னாயி இருந்திருந்தா இந்நேரம் எம்மடியில உக்காந்திருப்பா" என்றான்.

"பொன்னாயியா? அது ஆருங்க?" என்றாள் அவள்.

துயர் போகையில், அது பற்றிப் படர்ந்திருந்த மகளின் நினைவனைத்தையும் உடன்கொண்டு போய்விட்டதை அவன் அப்பொழுதே உணர்ந்தான். அவள் மகளையே அறியாதது கண்டு அஞ்சிய ஊரார், அப்பெயரை அவள்முன் எடுக்காது வாய்மூடினர். அங்கம்மாள் சிரித்தாள், பாடினாள், உடல் தேறினாள். மகளின் மழலைச் சொற்களை எவரிடமும் சொல்லவொண்ணாது ஒருவனாய்ச் சுமந்து, அவன் வாடினான். செவ்வாய்ப்பேட்டைச் சந்தையில் வெற்றிலை விற்று மீண்ட ஒருநாள், ஊரெல்லையில் முன்பின் அறியாத சிறுமி ஒருத்தி, பொன்னாயியின் பச்சைப் பாவாடை உடுத்துச் செல்லக் கண்டு வீட்டிற்கு ஓடிவந்து வினவ, அங்கம்மாள் நகைத்தாள்.

"பொட்டீல கெடந்துச்சுங்க. நம்ம ஊட்டுல கொழந்தையே இல்லையே, ஆருக்காகுமுன்னு வழியில போன புள்ளைக்குக் குடுத்துட்டேன்."

அவன் ஆற்றை நோக்கி விரைந்தான். எஞ்சியிருந்த ஒரு வேண்டுதலால் தனக்கும் அம்மறதியையே கேட்டுவிடலாமோ என்று ஒரு கணம் உள்ளம் தடுமாறியது. பின்னர், அவ்வாறு கேட்டால் அக்குழந்தை வாழ்ந்தாள் என்று நெஞ்சில் வைத்திருக்கப் பெற்றோர் இருவரில் ஒருவரும் இல்லாமற் போவரே என்று நடுங்கி, மனைவியின் நினைவையே மீட்டுத் தருமாறு வேண்டினான்.

"எடுத்ததைத் தருவேன். ஆயினும், இடையே கழிந்த நாள்களை அழிக்க மாட்டேன்" என்று கூறி அணங்கு மறைந்தாள்.

அதன் பொருள் அவனுக்கு வீட்டில் விளங்கிற்று. திறந்த பெட்டியின்முன் அங்கம்மாள் அழாமல் அமர்ந்திருந்தாள். மகளை நினைந்ததோடு, மகளை மறந்து தான் சிரித்ததையும், பாடியதையும், அவள் உடையைத் தன் கையாலேயே கொடுத்தனுப்பியதையும் அவள் நினைந்திருந்தாள். சின்னண்ணன் நடந்தவை அனைத்தையும் சொல்லி, "நீ அழுவறது எனக்குத் தாங்கல, அங்கம்மா" என்றான்.

"உங்களுக்குத் தாங்கலீன்னு எம்புள்ளய எங்கிட்ட இருந்து எடுத்துப்போட்டீங்க. மொதல்ல ஆறு கொண்டு போச்சு. அப்பறம் நீங்க கொண்டு போனீங்க."

அவள் அவனைப் பிரிந்து சென்றாளில்லை; சமைத்தாள், அவன் நோயுற்றபோது இரவு பகல் பாராது பேணினாள். ஆனால் மகளின் பெயரை அவன்முன் அவள் நா மீண்டும் உரைக்கவில்லை. கொடிக்காலில் வெற்றிலை கிள்ளும் பெண்களோடு இருக்கையில் மட்டும், பொன்னாயி இன்னது சொன்னாள், இவ்வாறு நடந்தாள் என்று மடைதிறந்தாற்போல் பேசுவாள். அவர்களும் அவளோடு சிரித்து, அவளோடு அழுவர். சின்னண்ணன் அருகே வரின் அப்பேச்சு அறுந்துபோம். ஆதலின் நெருங்காதிருக்க அவன் கற்றான். கொடிகளுக்கு அப்பால், வாய்க்கால் நீர் கணுக்காலை நனைக்க, மண்வெட்டியை ஊன்றி, அக்குரல் ஓயுமளவும் அசையாது நின்று கேட்பான். உடனிருந்து அழவேண்டிய பொழுதில் விலகி நடந்த அவ்வுழவனுக்குப் பிற்காலத்தில் அழுகை வந்தது. அருகிருந்து அழத்தான் எவரும் வரவில்லை.