சொன்னார்கள் என்று மட்டும்

வெளியுறவுத் துறையில் அண்டை நாட்டுப் பிரிவைக் கவனித்துவந்த இணைச் செயலாளரை முதுகுக்குப் பின்னால் எல்லோரும் ‘கறார்’ என்றுதான் சொல்வார்கள். அது அவளுக்கும் தெரியும். அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

நான்கு மாதங்களுக்கு முன் பூட்டிய அறைக்குள் பக்கத்து நாட்டு அமைச்சர் ஒரு வாக்குக் கொடுத்தார். எல்லையில் பிடித்து வைத்திருக்கும் நம் நாட்டு லாரி ஓட்டுநர்கள் இருபத்தேழு பேரையும் அந்த மாதக் கடைசிக்குள் அனுப்பிவிடுவார்களாம். விஷயம் மட்டும் வெளியே கசியக்கூடாதாம். குறிப்பெடுத்தவள் கறார். அந்தக் குறிப்பில் இரு தரப்பு அதிகாரிகளும் கையெழுத்திட்டார்கள்.

ஒருவரும் வரவில்லை. இன்று காலை அதே அமைச்சர் தொலைக்காட்சியில், “நாங்க யாருக்கும் எந்த வாக்கும் குடுக்கல” என்று கூசாமல் சொன்னார். ஓட்டுநர்களின் மனைவிமார் அலுவலக வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

“வெளியே சொல்லிடலாம் சார்,” என்றாள் கறார்.

செயலாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “காதோட சொன்னத ஊருக்குச் சொன்னா, நாளைக்கு யாரும்மா நம்மகிட்ட வாயத் திறப்பாங்க? முன்னாடி ஒரு தடவை சொல்லிட்டு ரெண்டு வருஷம் பேச்சுவார்த்தையே இல்லாம கெடந்தோம்.”

“குடுத்தவரே இல்லைங்கிறாரு. அப்புறம் யாரோட ரகசியத்த நாம காப்பாத்துறோம்?”

அவர் ஓர் அறிக்கையை நீட்டினார். மூன்று மணிக்குச் செய்தியாளர்கள் முன் அவள் வாசிக்க வேண்டியது. நடுவில் ஒரு வரி: ‘எங்களுக்கு எந்த உறுதிமொழியும் தரப்படவில்லை.’

“வாய மூடிக்கிட்டு இருன்னா இருக்கேன் சார். பொய் சொல்லச் சொல்லாதீங்க.”

“இது மேலிடத்து உத்தரவு.”

மூன்று மணிக்கு அவள் வாசித்தாள், அந்த ஒரு வரியை விட்டுவிட்டு. முன்வரிசைச் செய்தியாளர் விடவில்லை. “அப்போ உறுதிமொழி எதுவும் தரல, அப்படித்தானே?”

“அப்படி நான் சொல்லல.”

“தந்தாங்களா?”

அறிக்கையை மடித்தாள். “தந்தாங்க. என்னன்னு அவங்ககிட்டயே கேளுங்க.”

ஐந்து மணிக்குப் பக்கத்து நாட்டுத் தூதர் முகம் சிவக்க வந்து நின்றார். செயலாளர் அவர் முன்னாலேயே அவளைத் திட்டித் தீர்த்தார். கறார் குறிப்பை மேசைமேல் வைத்தாள். “பொய்னா சொல்லுங்க ஐயா, உங்க ஆளோட கையெழுத்து இருக்கு.” தூதர் அதைத் தொடக்கூட இல்லை, கண்டனக் கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

மறுநாளே அவளை அச்சுப் பிரிவுக்குத் தூக்கியடித்தார்கள். அடுத்த வாரம், ‘உடல்நிலை கருதி’ என்று சொல்லி ஒன்பது ஓட்டுநர்களை எல்லையில் கொண்டுவந்து விட்டார்கள். பதினெட்டுப் பேர் அங்கேயே இருந்தார்கள்.

அவர்களில் ஒருவரின் மனைவி வாசலில் அவளை மறித்தாள். “அக்கா, நீங்க பேசினதாலதான் ஒன்பது பேர் வந்தாங்களா? இல்ல, நீங்க பேசினதாலதான் எங்க வீட்டுக்காரர் மாட்டிக்கிட்டாரா?”

“தெரியலம்மா,” என்றாள் கறார்.

மேசையில் மேலிடத்துக் கடிதம் காத்திருந்தது. வருத்தம் தெரிவித்து எழுதிக் கொடுத்தால் பழைய இடமே கிடைக்குமாம். பேனாவைத் திறந்து எழுதினாள்:

‘பதினெட்டுப் பேருக்காக வருந்துகிறேன். சொன்னதற்காக இல்லை.’

கையெழுத்திட்டு, தானே மாடியேறிப் போய்க் கொடுத்துவிட்டு வந்தாள்.