ஆயிரத்து நானூறு மேற்கோள்கள்

கணினித்துறைப் பேராசிரியருக்குத் துறைத்தலைவர் பதவி கொடுக்கலாமா என்று பார்க்க, அவருடைய ஆராய்ச்சியை அளந்து தரும் வேலை நூலகரான அவளிடம் வந்தது. எத்தனை பேர் அவருடைய கட்டுரைகளை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள், யார் யாரோடு சேர்ந்து ஆராய்ந்திருக்கிறார் என்று வகை பிரித்து ஒரு வாரத்தில் தேர்வுக்குழுவுக்கு அறிக்கை வேண்டும். பேராசிரியரே முந்திக்கொண்டு ஒரு தாள் அனுப்பியிருந்தார்: மேற்கோள்கள் ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு, கூட்டு ஆய்வாளர்கள் நாற்பத்து மூன்று பேர், பதினொரு நாடுகள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. மனிதர் நூலகப் படியேறி ஆறு வருஷம் இருக்கும்.

உட்கார்ந்து பிரித்தாள். ஐந்நூற்று முப்பது, அவரே அவரைக் காட்டிக்கொண்டது. அறுநூற்றுப் பத்து, அவருடைய மாணவர்கள் காட்டியது. காட்டாவிட்டால் பட்டம் எப்படிக் கைக்கு வரும்? இருநூறு, அவர் ஆசிரியராக இருக்கும் இதழில் எழுதியவர்கள் போட்டது. வேலிக்கு ஓணான் சாட்சி. கழித்தால் மிஞ்சியது எழுபத்திரண்டு. அதிலும் நான்கு பேர் அவருடைய தவற்றைச் சுட்டிக்காட்டத்தான் அவர் பெயரை எழுதியிருந்தார்கள்.

கூட்டு ஆய்வாளர்களுக்கு மின்னஞ்சல் போட்டாள். ஒருவர், ஏதோ மாநாட்டில் சாப்பாட்டு வரிசையில் நின்றபோது விசிட்டிங் கார்டு கொடுத்ததோடு சரி என்று பதில் எழுதினார். எட்டுக் கட்டுரைகளில் பெயர் வந்த இன்னொருவர் பல் டாக்டர், பேராசிரியரின் மைத்துனர். தங்கையைக் கட்டிக்கொடுத்ததைத் தவிர அவர் கணினித்துறைக்கு வேறு தொண்டு செய்ததாகத் தெரியவில்லை.

விஷயம் காதுக்கு எட்டி, பேராசிரியர் நேரில் வந்தார். எல்லாரும் செய்வதுதானே, மொத்தத்தை மட்டும் போட்டால் போதாதா என்றார். குழுவில் பிரித்துத்தான் கேட்டிருக்கிறார்கள் என்றாள். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அடுத்த பேப்பர்ல உங்க பேரையும் சேர்த்துடறேன் மேடம். உங்களுக்கும் நல்லதுதானே."

முகத்தில் கூச்சம் என்பது மருந்துக்கும் இல்லை.

"எதைப் பத்தின பேப்பர் சார்?"

"பசங்களக் கேட்டுச் சொல்றேன்."

இரண்டு எண்களையும் அருகருகே போட்டு அறிக்கையைக் கொடுத்தாள். குழுவில் ஐந்து பேர். அவர்களில் மூன்று பேருக்கு இதே மாதிரிப் பட்டியல் சொந்தமாக உண்டு. அறிக்கை மிக நேர்த்தியாக இருப்பதாகப் பாராட்டிவிட்டு, பெரிய எண்ணையே எடுத்துக்கொண்டார்கள். பதவி கிடைத்தது.

இரண்டு மாதம் கழித்துப் புதிய கட்டுரை வந்தது. ஐந்தாவதாக அவள் பெயர். வாங்கிப் படித்துப் பார்த்தாள். பாதிக்கு மேல் அவருடைய பழைய கட்டுரையேதான். அருவருப்பாக இருந்தது, யாரோ அழுக்குக் கைக்குட்டையை அவள் பையில் திணித்துவிட்டுப் போன மாதிரி. அன்றைக்கே இதழுக்கு எழுதி, மூன்று முறை நினைவூட்டி, பெயரை நீக்கவைத்தாள்.

தாழ்வாரத்தில் எதிர்ப்பட்ட புதிய துறைத்தலைவர் உண்மையாகவே வருத்தப்பட்டார்.

"சும்மா கிடைச்சத வேணாம்னுட்டீங்களே மேடம்."

"என்கிட்ட இருக்கறது ஒரே பேரு சார்" என்று சொல்லிவிட்டு, அவர் வழிவிடும்வரை நின்றாள்.