மற்றவை

அச்சகத்தில் அவருக்குக் கழுகு என்று பெயர். முப்பது வருடமாகப் பிழை திருத்துகிறவர். ஒரு புள்ளி விட்டுப்போனாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது என்பார்கள், அவரும் மறுக்கமாட்டார்.

தையல் வேலை செய்த மனைவி இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. வயிற்றில் கட்டி. "ஒரு வருஷம் முன்னாடி வந்திருந்தா..." என்று டாக்டர் இழுத்ததை அவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் அதே பாட்டுத்தான்: "ஒரு வார்த்தை சொல்லலீங்க. கல்லுளிமங்கி மாதிரி இருந்துட்டுப் போயிட்டா." துக்கத்தைவிடக் கோபம் சுமக்க எளிது. அதிலும் செத்தவள் மேல் என்றால் திருப்பிப் பேச ஆளில்லை.

அவள் எட்டு வருடமாக ஒரு வலைப்பூ எழுதிவந்தாள். தையல் சொல்லித்தரும் பதிவுகள், இருநூற்றுக்கு மேல். வகைதொகை இல்லாமல் எல்லாம் ஒரே குவியலாகக் கிடந்தன. ஞாயிறு காலை அவள் தங்கை மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

"காலர் வெட்றது எப்படின்னு இருபது பேரு கேட்டிருக்காங்க அத்தான். அக்கா ஏழு தடவை எழுதியிருக்கா, ஏழும் ஏழு மூலைல கிடக்கு. பிரிச்சு வச்சா கத்துக்க வர்றவங்க அலைய வேண்டாம்ல."

"அதுக்கு நான் எதுக்கு?"

"ஒண்ணு விடாம படிச்சவர் நீங்க ஒருத்தர்தானே."

அது உண்மைதான். ஒவ்வொரு பதிவையும் வெளியிடுமுன் அச்செடுத்து அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைப்பாள். சிவப்புப் பேனாவை எடுத்தாரென்றால் பத்தே நிமிடத்தில் திருத்திக் கொடுத்துவிட்டுச் சாப்பாட்டில் கை வைப்பார்.

இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். சட்டை, காலர், கைப்பை, திரைச்சீலை, மெஷின் பராமரிப்பு என்று பிரிவுகள் போட்டார்கள். தலைப்பைப் பார்த்ததும் அவர் சொல்ல, அவள் தட்டினாள். எதிலும் சேராதவற்றை மற்றவை என்று ஒதுக்கச் சொன்னார். மதியத்துக்குள் குவியல் கரைந்துவிட்டது. காலரைத் தட்டினால் ஏழும் வரிசையாக வந்து நின்றன. நல்ல வேலைதான் என்று அவருக்கே தோன்றியது.

மைத்துனி காப்பி போட எழுந்துபோனாள். அவர் சும்மா மற்றவையைத் தட்டினார். பதினொரு பதிவுகள் வந்தன.

முதலாவது, இரண்டு வருடத்துக்கு முந்தையது: "ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் மெஷினில் உட்கார முடியவில்லை. வலப்பக்கம் கடுக்கிறது." மூன்றாவது: "பசியே இல்லை. இன்று என் உடுப்புகளின் இடுப்பைப் பிடித்துச் சிறிதாக்கித் தைத்தேன்." ஐந்தாவது: "மறுபடியும் இடுப்பைப் பிடித்தேன்." இடையிடையே பொத்தானும் பையும் ஜிப்பும் வந்து மறைத்ததால் அன்றைக்குத் தெரியாதது, இன்று ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றது. எட்டாவதை அவர் இரண்டு தடவை படித்தார்: "வாய்விட்டுச் சொல்லப் பயமாக இருக்கிறது. எழுதினால், ஒருவர் கட்டாயம் படிப்பார்."

அந்த வரியில் ஒரு கமா போட்டுக் கொடுத்தது அவர்தான். நன்றாக நினைவிருந்தது.

"இந்த மிச்சத்துக்கு மற்றவைன்னே பேர் இருக்கட்டுமா அத்தான்?" காப்பியோடு வந்தவள் கேட்டாள்.

"அவ சொல்லியிருக்காம்மா."

"யார்கிட்ட?"

அவர் மடிக்கணினியை அவள் பக்கம் திருப்பினார். அவள் நின்றபடியே பதினொன்றையும் படித்தாள். காப்பி ஆறி ஆடை கட்டியது.

"நீங்க இதையெல்லாம் படிக்கலையா?"

"படிச்சேன். திருத்திக் குடுத்தேன்."

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு, அவர் முகத்தைப் பார்க்காமலே படியிறங்கிப் போனாள். நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போயிருக்கலாம் என்று நினைத்தபடி அவர் வாசலிலேயே நின்றார்.