விளக்கு நடுங்கவில்லை

திருச்சிக்கு வெளியே இரும்புத் தொட்டிகள் செய்யும் அந்தக் கம்பெனியில் கரண்டு போனால் எல்லோருக்கும் ஒரே வேலைதான்: டீக்குப் போவது. தொட்டிக்குள் இறங்கி வெல்டிங் வைப்பவர்களுக்கோ அது உயிர்ப் பிரச்சினை. உள்ளே காற்று ஊதும் புளோவர் நின்றுவிட்டால், வெல்டிங்குக்குப் பாய்ச்சும் ஆர்கான் வாயு அடியில் தேங்கும். அதற்கு வாசனை கிடையாது, இருமலும் வராது, ஆளைச் சாய்த்துவிடும். ஆனால் கரண்டு போனால் மெஷினும் நிற்கும், விளக்கும் அணையும். ஆள் தானாக ஏணியைப் பிடித்து மேலே வந்துவிடுவான். மின்வெட்டின் புண்ணியத்தில் பல உயிர்கள் அப்படித்தான் பிழைத்துக் கிடந்தன.

அந்த மின்வெட்டை ஒழித்துக் கட்டியவர் எலக்ட்ரிகல் என்ஜினீயர் ஜெய்சங்கர். கூரை முழுக்க சோலார் தகடுகள், ஒரு கொட்டகை நிறைய பேட்டரிகள், எல்லாவற்றையும் இணைத்து வளாகத்துக்கென்றே தனி மின்கட்டமைப்பு. மைக்ரோகிரிட் என்று பெயர். ஊரே இருண்டாலும் உள்ளே வேலை நிற்காது. பேட்டரியால் அத்தனை பாரத்தையும் தாங்க முடியாதே, அதனால் எதை முதலில் கழற்றிவிடுவது என்று அவரே வரிசை போட்டார். மெஷின்களும் கிரேனும் விளக்குகளும் கடைசிவரை ஓட வேண்டும். சுவரிலுள்ள பிளக் பாயிண்டுகள் முதலில் போகலாம். செல்போன் சார்ஜும் மேஜை ஃபேனும்தானே என்று நினைத்தார். தொட்டிக்காரர்கள் புளோவரை அந்தச் சுவரில்தான் செருகுகிறார்கள் என்பது அவருடைய வரைபடத்தில் இல்லை. ஷெட்டுக்குள் ஒரு நடை போயிருந்தால் தெரிந்திருக்கும். போகவில்லை. ஏசி அறையில் உட்கார்ந்தே காற்றைப் பங்கு போட்டுவிட்டார்.

திறப்பு விழாவன்று காலையில் அழகிரி எதிர்ப்பட்டார். தொட்டியம் ஊர்க்காரர், அந்தக் கம்பெனியின் முதல் தரமான வெல்டர். “எங்க டீக்கும் வேட்டு வச்சிட்டீங்க சார்” என்று சிரித்துவிட்டுத் தொட்டிக்குள் இறங்கப் போனார்.

ஷாமியானாவில் நாற்காலிகள் காலியாக இருக்கக் கூடாது என்று மேனேஜர் சொன்னதால், தொட்டி வாசலில் காவல் நிற்கும் ஆளையும் கூட்டிவந்து உட்கார வைத்தார்கள். விருந்தினர்கள் முன்னால் ஜெய்சங்கர் ஊர்க் கரண்டு வரும் மெயின் சுவிட்சைத் தன் கையாலேயே இறக்கினார். ஒரு விளக்குகூட நடுங்கவில்லை. கைதட்டல் ஓயவே நேரமாயிற்று. வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக அவர் இருந்ததில்லை.

புளோவர் நின்றது அழகிரிக்குக் கேட்டிருக்கும். ஆனால் விளக்கு எரிந்தது, மெஷின் ஓடியது. யாரோ பிளக்கைத் தட்டிவிட்டான், மாட்டிவிடுவான் என்று நினைத்திருப்பார். பாதியில் விட்ட வெல்டிங்கைப் பிறகு தொட்டிக்கு எடுக்கும் எக்ஸ்ரே சோதனை காட்டிக் கொடுத்துவிடும். அதை முடித்துவிட்டு எழலாம் என்று உட்கார்ந்திருப்பார்.

விழா முடிந்து, மெயின் மறுபடி ஏறிய பிறகுதான் தேடினார்கள். ஜெய்சங்கர் ஓடி வந்தபோது புளோவர் ஒன்றும் நடக்காததுபோல் ஊதிக்கொண்டிருந்தது. அழகிரியைக் கயிறு கட்டித் தூக்கினார்கள். ஜெய்சங்கரின் கண் மட்டும் புளோவரின் வயரைப் பிடித்துக்கொண்டே போய்ச் சுவரிலிருந்த பிளக் பாயிண்டில் நின்றது.

புத்தூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் கையை விரித்துவிட்டார். மேனேஜர் ஜெய்சங்கரைப் போனில் அழைத்து, நெஞ்சுவலி என்றே வீட்டாரிடம் சொல்லும்படி அழுத்திச் சொன்னார். இத்தனை பேர் வேலையை யோசிக்க வேண்டுமாம். ஜெய்சங்கரும் சரி என்றார். அவருக்கும் வேலை வேண்டும், வீட்டில் இரண்டு பிள்ளைகள்.

அழகிரியின் மனைவி விஜயராணி வந்தாள். அழவில்லை. நேராக ஜெய்சங்கர் முன்னால் வந்து நின்றாள்.

“நான் பயப்படுறப்பல்லாம் சொல்வாருங்க, கரண்டு போனா நான் மேல வந்துருவேன், உனக்கென்னன்னு. இன்னைக்குக் கரண்டு போகலையா சார்?”

நெஞ்சுவலி என்ற சொல் ஜெய்சங்கரின் நாக்கு வரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்த பிறகு அதைச் சொல்ல முடியவில்லை.

“போச்சுங்க,” என்றார். “அது அவருக்குத் தெரியாத மாதிரி செஞ்சு வச்சது நான்தாங்க.”