மூன்றாம் எதிர்மனுதாரர்

ஒரு நாற்காலியில் யாருமே உட்காரக் கூடாது என்று சென்னையில் உத்தரவு போட்டார்கள். 1984 பிப்ரவரி 14, செவ்வாய்க்கிழமை. நாற்காலி இருந்தது தர்மபுரி மாவட்டத்தில், சித்தேரி மலையடிவாரத்து விவசாய விரிவாக்க மையம் ஒன்றில்.

வழக்கு ஒன்றும் சிக்கலானதல்ல. பதவியின் பெயர் உதவி வேளாண்மை அலுவலர். அதில் பச்சியப்பன் மூன்று வருடம் தற்காலிகமாக வேலை பார்த்தான். பிறகு அரசாங்கம் நேரடி நியமனம் என்று விளம்பரம் கொடுத்து, பரீட்சை வைத்து, தர்மபுரி மெத்தைக்கடைக்காரர் மகன் காசிமைத் தேர்ந்தெடுத்தது. காசிம் நியமன உத்தரவோடு வந்து நின்ற அன்று பச்சியப்பன் கோர்ட் தடையோடு வந்து நின்றான். மூன்று வருடம் மலை ஏறியவனை விட்டுவிட்டு நேற்றுப் பரீட்சை எழுதியவனுக்கா என்பது பச்சியப்பனின் கட்சி. ஆடுகூடத்தான் மலை ஏறுகிறது என்பது காசிமின் கட்சி. அவன் வக்கீல் அதையே கொஞ்சம் நாகரிகமாக நாலு பக்கத்துக்கு எழுதினார். இரண்டு பக்கமும் நியாயம் இருந்ததால், தீர்ப்பு வரும்வரை பதவி காலியாகவே இருக்கட்டும் என்று கோர்ட் சொல்லிவிட்டது.

இரண்டரை வருடம் ஓடியது. அரசாங்க வேலைக்கு வயது வரம்பு முப்பது. காசிமுக்கு முப்பத்திரண்டு, பச்சியப்பனுக்கு முப்பத்துமூன்று. இனி எந்த விளம்பரத்துக்கும் இருவரும் மனுப் போட முடியாது. இந்தப் பூமியில் அவர்களுக்கென்று மிச்சமிருந்த அரசாங்க வேலை அந்த ஒரு நாற்காலிதான். ஆனால் ஆள் இரண்டு.

வாய்தாவுக்கு இருவரும் ஒரே பஸ்ஸில்தான் சென்னைக்குப் போவார்கள். விரோதம் வேறு, பஸ் வேறு. ஆம்பூரில் இறங்கி டீ குடிக்கும்போது பேச்சு நடக்கும்.

"என்னா காசிம், இந்த தபாவாவது உன் வக்கீலு வருவாரா?"

"வருவாரு. நீ உன் வக்கீலப் பாத்துக்க. போன தபா பாதி நேரம் எனக்காகப் பேசிக்கிட்டிருந்தாரு."

"அதனாலதான் நீ இன்னும் தோக்கல."

மையத்தின் தலைமை அதிகாரி காளியப்பன் சட்டத்துக்குப் பயந்த மனிதர். 'இன்றுள்ள நிலை அப்படியே தொடர வேண்டும்' என்ற வரியை மூன்று முறை படித்துவிட்டு, அப்படியே தொடர வைத்தார். அன்றைக்குப் பிறகு அந்த மேஜைக்கு மேலிருந்த நாட்காட்டியில் தாள் கிழிக்கப்படவில்லை. மேஜையில் இருந்த பேனா நகரவில்லை. ஆணியில் மாட்டியிருந்த இலாகா குடையை யாரும் தொடவில்லை. ஒட்டடை அடிக்கலாமா என்று மாவட்ட ஆபீசுக்கு எழுதிக் கேட்டார். பதில் வரவில்லை. ஒட்டடை அடிக்கவில்லை. பிப்ரவரி 14 அன்று வருகைப் பதிவேடு அந்த மேஜையில் வைக்கப்பட்டிருந்ததால், தினமும் காலை பத்து மணிக்கு ஆபீஸ் உதவியாளர் மாது அதைக் கொண்டுபோய் வைத்து, பத்தேகாலுக்கு எடுத்துவர வேண்டும் என்றும் ஏற்பாடு.

மாதுதான் முதலில் கவனித்தவர். மேஜையில் ஒரு விரற்கடைத் தூசி. நாற்காலியில் மட்டும் தூசி இல்லை.

"சார், அந்தக் கொட ஈரமா இருக்குதுங்க," என்றார் ஒரு புதன்கிழமை.

காளியப்பன் ஜன்னலைப் பார்த்தார். ஒரு வாரமாகக் கீழே மழையே இல்லை.

"மலைல பேஞ்சிருக்கும்."

"கொட இங்கதானுங்களே இருக்குது?"

"மாது, அந்தக் கொட மேல கோர்ட் உத்தரவு இருக்குது. ஈரமா இருந்தா ஈரமா இருக்கட்டும்."

1986 ஆகஸ்டில் அரசாங்கத் தரப்பு பதில் மனு தாக்கல் செய்தது. வழக்கால் பொதுமக்களுக்குப் பாதிப்பு எதுவுமில்லை, மலைக் கிராமங்களில் வருகைப் பணி தடையின்றி நடந்துவருகிறது என்று எழுதி, சாட்சிக்கு ஒரு டைரியையும் இணைத்திருந்தார்கள்.

அந்த டைரி என்ன என்பது காசிமுக்குத் தெரியும். அந்நாளில் வேலை முறை அப்படி. மலைக் கிராமத்தில் பொதுச் சுவரில் எழுதிப் போட்டிருப்பார்கள்: 'உதவி வேளாண்மை அலுவலர் வருகை: ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் செவ்வாய், பகல் 11 மணி.' அலுவலர் அந்த நாளில், அந்த நேரத்தில் வயலில் நிற்க வேண்டும். யோசனை சொல்லி, டைரியில் எழுதி, ஊருக்கென்று குறித்து வைத்திருக்கும் ஒரு விவசாயியிடம் கைரேகை வாங்க வேண்டும். தடை வந்த நாளிலிருந்து டைரியில் அறுபத்துமூன்று வருகைகள் பதிவாகியிருந்தன. ஒவ்வொன்றின் கீழும் கைரேகை. எழுத்து அசல் அரசாங்க எழுத்து. யாராலும் படிக்க முடியவில்லை.

காசிமின் வக்கீல் கண்ணாடியைக் கழற்றினார்.

"வேலைய ஒருத்தன் பாத்துக்கிட்டிருந்தா அது காலிப் பதவியே இல்லப்பா. காலி இல்லாத பதவிய உனக்குக் குடுங்கன்னு நான் எப்படிக் கேப்பேன்? யாரும் வர்றதில்லன்னு மலை ஊரு ஆளுங்ககிட்ட எழுதி வாங்கிட்டு வா. இல்லன்னா மெத்தைக்குப் பஞ்சு அடிக்கப் போ."

டைரி எப்படி வந்தது என்று காளியப்பனைக் கேட்டான். "மேஜை மேல இருந்துச்சு. மேஜை மேல இருக்கறத எடுத்தனுப்பச் சொன்னாங்க, அனுப்பினேன்" என்றார். காசிமுக்கு உடனே விளங்கிவிட்டது. பச்சியப்பன்தான். திருட்டுத்தனமாக மலை ஏறி, தொடர்ந்து வேலை பார்த்தேன் என்று காட்டப் பார்க்கிறான்.

அடுத்த முறை செவ்வாய் வந்தபோது காசிம் பாப்பிரெட்டிப்பட்டியில் பஸ் இறங்கி, அடிவாரம் வரை ஒரு சைக்கிளில் தொற்றிக்கொண்டு போய், அங்கிருந்து ஊசிக்கல் என்ற மலைக் கிராமத்துக்கு நடந்தான். இரண்டரை மணி நேர ஏற்றம். கடைசித் திருப்பத்தில் ஒரு கடுக்காய் மரத்தடியில் பச்சியப்பன் உட்கார்ந்து செருப்பிலிருந்து முள் எடுத்துக்கொண்டிருந்தான்.

"சிக்கிக்கிட்டியா?" என்றான் பச்சியப்பன்.

"நானா? நீதான் சிக்கிக்கிட்ட!"

"அடப்பாவி, உன்னப் பிடிக்கத்தான்டா வந்தேன். வேலையில சேராமலே வேலை பாக்கறியே, வெக்கமா இல்ல?"

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். இரண்டு முகமும் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தன. அது இருவருக்குமே பிடிக்கவில்லை.

ஊருக்குள் செல்லி என்கிற பெண் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். பச்சியப்பனை அவளுக்கு அடையாளம் தெரிந்தது.

"அட, பழைய சாரு! கூட யாருங்க, புது சாரா? மலை தாங்குமா இத்தன சாரு? இருக்கற சாரே பெரிய சாரு."

"எந்த சாரும்மா?" என்றான் காசிம்.

"செவ்வாக்கெழம சாருங்க. இப்ப வந்துடுவாரு. சொவத்துல போட்டிருக்குதுல்ல?"

"அவரு எப்படி இருப்பாரு? முகம்?"

செல்லி முறத்தை நிறுத்தினாள். "ஆபீசரு மூஞ்சிய யாருங்க பாப்பாங்க? கால்மாட்டப் பாத்துக்கிட்டே சரிங்க சரிங்கன்னு சொல்லிட்டு வந்துருவோம். பழைய சாரு, கோவிச்சிக்காதீங்க, உங்க மூஞ்சியே நீங்க இந்த வழக்குப் போட்டு அலையறப்பதான் எனக்குத் தெரியும்."

"அவரு சொல்றது சரியா இருக்குதா?" என்று கேட்டான் பச்சியப்பன். அவன் குரலில் லேசாகப் பொறாமை இருந்தது.

"மழ என்னைக்கின்னு சொல்றாரு. அன்னைக்கிப் பெய்யுது. போன வருசம் சின்னக்கண்ணு அவுரு சொன்ன பேச்ச மீறிக் கொல்லைக்குப் போனான்."

"போயி?"

"அப்புறம் அவன் சொல்றதில்லைங்க, எதையும்."

சுவரோரமாக ஒருவன் உட்கார்ந்திருந்தான். அவன்தான் சின்னக்கண்ணு என்று கேட்காமலே தெரிந்தது. கண் திறந்திருந்தது. வாயை இறுக்கிப் பூட்டியிருந்தான், உள்ளே இருப்பது வெளியே வந்துவிடும் என்பதுபோல.

பதினொரு மணிக்கு ஊர் சாமை வயலில் கூடியது. பதினோரு பேர் அரைவட்டமாக நின்றார்கள். வெயில் நன்றாக அடித்தது. மறைந்து நிற்கக்கூட இடமில்லாத திறந்த வெளி. அரைவட்டத்துக்கு எதிரே யாருமில்லை. பதினோரு பேரும் தலையைக் குனிந்து, அந்த யாருமில்லாத இடத்தின் கால்மாட்டைப் பார்த்தபடி நின்றார்கள்.

"சரிங்க," என்றார் முன்னால் நின்ற குள்ளன் என்பவர். அவர்தான் கைரேகை வைக்கும் விவசாயி.

அமைதி.

"அது போன பட்டத்துலயே செஞ்சிட்டேனுங்க."

அமைதி. பதினோரு பேரும் சிரித்தார்கள். ஏதோ நல்ல வேடிக்கை சொல்லப்பட்டிருக்க வேண்டும்.

பிறகு சாமைப் பயிர் சாய ஆரம்பித்தது. காற்று இல்லை. இரண்டு பாதம் அகலத்துக்கு, ஓர் அடி இடைவெளி விட்டு, பயிர் மெதுவாக மண்ணோடு அமுங்கியது. அடுத்தது. அடுத்தது. வரிசை தவறாமல் நடந்து போய், வயலின் நடுவில் நின்றது. அமுங்கிய பயிர் நிமிரவில்லை.

குள்ளன் வலது கைப் பெருவிரலை வெறும் காற்றில் நீட்டினார். ஒரு கணம் விரல் நுனி தட்டையாக நசுங்கியது, எதன்மேலோ அழுத்தப்பட்டதுபோல. கையைத் திரும்ப இழுத்தபோது விரலில் நீல மை இருந்தது. அவர் அதை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

காசிமுக்குப் பக்கத்தில் பச்சியப்பன் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகட்டி நின்றுகொண்டிருந்தான்.

"என்னடா பண்ற?"

"தெரியல," என்றான் பச்சியப்பன். "மேலதிகாரி மாதிரி இருக்குது."

பயிர் அவர்கள் பக்கமாகத் திரும்பி அமுங்கத் தொடங்கியது. இருவரும் ஓடினார்கள். இரண்டரை மணி நேர மலையை முக்கால் மணியில் இறங்கியது அந்த வட்டாரத்தில் இன்றுவரை யாரும் முறியடிக்காத சாதனை என்று பச்சியப்பன் பின்னால் சொல்லிக்கொள்வான்.

மறுவாரம் இருவரும் சேர்ந்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். தங்களுக்குள் யாருக்கு வேலை என்பது அப்புறம். முதலில் அவனைக் கிளப்ப வேண்டும். பேய் ஓட்டுபவரிடம் போகலாம் என்றான் பச்சியப்பன். மந்திரவாதிக்கு அரசாணையை ரத்து செய்யும் அதிகாரம் கிடையாது என்று காசிம் சொன்னான். நியாயமான பேச்சு. ஆகவே வழக்கில் அவனையும் சேர்த்தார்கள். மனுதாரர் பச்சியப்பன். முதல் எதிர்மனுதாரர் இலாகா. இரண்டாம் எதிர்மனுதாரர் காசிம். மூன்றாம் எதிர்மனுதாரரின் பெயர், தகப்பனார் பெயர், வயது என்ற இடங்களில் பச்சியப்பனின் வக்கீல் யோசித்துவிட்டு, 'மேற்படி பதவியில் தற்போது இருப்பவர்' என்று எழுதினார்.

நோட்டீஸ் மையத்தின் முகவரிக்குப் பதிவுத் தபாலில் போனது. ஒப்புகை அட்டை கையெழுத்தோடு திரும்பி வந்தது.

காசிம் தபால்காரர் அர்ச்சுனனைத் தேடிப் போனான். "யாருகிட்டங்க குடுத்தீங்க?"

"அந்த மேஜைல வெச்சேன். அட்டைல கையெழுத்து வாங்க யாரும் இல்லியேன்னு மாதுவக் கூப்புடத் திரும்புனேன். திரும்பிப் பாத்தா போட்டிருந்துச்சு." அர்ச்சுனன் கொஞ்சம் தயங்கினார். "பேனா இன்னும் ஆடிக்கிட்டிருந்துச்சு தம்பி. இருபத்தாறு வருச சர்வீசுல ஒரு ஆபீசரு என்னைக் காக்க வெக்காம கையெழுத்துப் போட்டது அன்னைக்குத்தான்."

வழக்கு நவம்பரில் வந்தது. காலை பதினொன்றரை மணி. கோர்ட் நிரம்பியிருந்தது, அரசுப் பணி சம்பந்தப்பட்ட வழக்குகள் அன்று நிறைய. காசிமும் பச்சியப்பனும் பின் பெஞ்சில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். காசிமின் வக்கீல் நம்பிக்கையாக இருந்தார். மூன்றாம் எதிர்மனுதாரர் வரப்போவதில்லை; வராவிட்டால் பதவி காலி என்று ஆகும்; காலி என்று ஆனால் பரீட்சை எழுதித் தேறியவனுக்குத்தான் முதல் உரிமை. இன்னும் கால் மணி நேரத்தில் காசிமுக்கு வேலை. பச்சியப்பனின் வக்கீலும் இதே அளவு நம்பிக்கையாகத்தான் இருந்தார்.

வழக்கு எண் வாசிக்கப்பட்டது. மனுதாரர் தரப்பு எழுந்தது. இலாகா தரப்பு எழுந்தது. காசிமின் வக்கீல் எழுந்தார்.

"மூன்றாம் எதிர்மனுதாரர்?" என்றார் நீதிபதி.

மின்விசிறிகளின் சத்தம் மட்டும் கேட்டது. வக்கீல் திரும்பி, ஜெயித்துவிட்டோம் என்பதுபோல் காசிமைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

நீதிபதி காகிதத்திலிருந்து முகத்தை நிமிர்த்தினார். பார்வை காசிமுக்கு இடப்பக்கமாக வந்து, உட்கார்ந்திருப்பவர்களின் தலைக்குச் சற்று மேலே, எழுந்து நிற்கும் ஒருவரின் உயரத்தில் நின்றது. "சொல்லுங்கள்" என்றார்.

பிறகு கேட்க ஆரம்பித்தார். நடுவில் ஒருமுறை தலையாட்டினார். ஒருமுறை, "எந்தத் தேதியிலிருந்து?" என்றார். பதிலைக் குறித்துக்கொண்டார். சுருக்கெழுத்தாளரின் பென்சில் வேகமாக ஓடியது. ஒரு பக்கம் முடிந்து மறுபக்கம் திருப்பினார். அரசாங்க வக்கீல் கைகட்டி நின்றார். யாரும் இருமவில்லை. காசிமுக்கு ஒரு சொல்கூடக் கேட்கவில்லை.

நீதிபதி மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டினார். "அறிவார்ந்த வாதம். இவரை அசைக்கக் காரணம் எதுவும் தெரியவில்லை. இரண்டாம் எதிர்மனுதாரருக்கு ஆட்சேபணை உண்டா?"

வக்கீல் பின்னால் குனிந்தார். அவர் முகம் வெளுத்திருந்தது. ஆனால் தொழில் தொழில்தான். "என்னப்பா, ஆட்சேபணை உண்டா? சீக்கிரம் சொல்லு."

காசிம் சொல்ல வேண்டியது ஒரே வரி. அங்கே யாரும் இல்லை. இரண்டரை வருட வழக்கு, தேறிய பரீட்சை, தாண்டிப்போன வயது எல்லாம் அந்த ஒரு வரியில்தான் இருந்தது. அதைச் சொல்ல எழுந்து, கையை நீட்டிக் காட்ட இடப்பக்கம் திரும்பினான்.

பெஞ்சில் தனக்கும் பச்சியப்பனுக்கும் நடுவே ஓர் ஆள் அகலம் இடம் இருப்பதை அப்போதுதான் பார்த்தான். வந்தபோது இருவரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டுதான் உட்கார்ந்தார்கள். எப்போது தள்ளி உட்கார்ந்தான் என்று அவனுக்கு நினைவில்லை. பச்சியப்பன் தன் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, கால்களை ஒடுக்கி, மரியாதையாகத் தலை குனிந்திருந்தான்.

காசிமின் பார்வை தானாகவே கீழே இறங்கியது. தரையைத்தான் பார்த்தான். முகம் இருக்க வேண்டிய உயரத்தைப் பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

"சொல்லுப்பா," என்றார் வக்கீல்.

"ஆட்சேபணை இல்லீங்க," என்றான் காசிம்.

அவன் அதை வக்கீலிடம் சொல்லவில்லை. சுருக்கெழுத்தாளர் அதையும் எழுதிக்கொண்டார்.