விரல் இருக்கும் இடம்

அன்று காலையிலிருந்து அது எட்டாவது முறை. உருளை நின்றது. படுக்கை விரிப்பு பாதி உள்ளே போயிருந்தது, மீதி வெளியே தொங்கியது. அக்கா சிவப்புப் பொத்தானிலிருந்து கையை எடுத்துவிட்டுக் குனிந்து எதையோ பார்த்தாள். பிறகு பச்சையை அமுக்கினாள்.

"என்ன பிரேக்கு அக்கா, ஸ்டாப்பிங் வந்துருச்சா?" என்றாள் எதிர்முனையைப் பிடித்திருந்தவள்.

"உனக்கு இறங்கணும்னா இறங்குடி. வண்டி போய்க்கிட்டே இருக்கும்."

எங்கள் சலவைக்கூடத்துக்கு நான்கு ஆஸ்பத்திரிகளின் துணி வருகிறது. துவைத்த விரிப்பை இரண்டு பேர் ஆளுக்கொரு முனை பிடித்து, கொதிக்கிற இரும்பு உருளைக்குள் கொடுக்க வேண்டும். அந்தப் பக்கம் தேய்த்து வெளியே வரும். பதினோரு வருடமாக அக்கா கொடுக்கிறாள். அவள் கொடுத்த விரிப்பில் ஒரு சுருக்கம் காட்டினால் பாதி மீசையை எடுத்துக்கொள்கிறேன் என்று நானே பந்தயம் கட்டியிருக்கிறேன். ஒரு மாதமாகத்தான் இப்படி. மேனேஜர் காலையிலேயே கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: "மெஷினை யாரு நிறுத்துறாங்கன்னு இன்னிக்குப் பேரு வேணும். ஆளை மாத்திடலாம்."

எனக்கும் வாய்வரைக்கும் வந்தது. மூட்டை தூக்கி மேஸ்திரி ஆனவன், வசவுக்கு யோசிக்க வேண்டியதில்லை. ஆனால் போன வருடம், வேலையில் தூங்கி விழுந்த ஒருத்தனைக் கத்தியே விரட்டினேன். அவன் மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்ததும், இரவெல்லாம் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததும் மூன்று வாரம் கழித்துத்தான் தெரிந்தது. அவள் படுத்திருந்த விரிப்பை நாங்கள்தான் வெளுத்திருப்போம். அதற்குப் பிறகு முதலில் கேட்டுவிடுவது என்று வைத்திருக்கிறேன்.

ஈரத்துணி வண்டிகளின் பக்கம் அக்காவைக் கூப்பிட்டேன்.

"அக்கா, திட்ட வரல. எதுக்கு நிறுத்துறீங்க? தெரிஞ்சுக்கலாம்னுதான் கேக்குறேன்."

"திட்டிட்டுப் போயேன் தம்பி. அதாச்சும் பழகினது."

நான் நகரவில்லை. அவள் இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். இடது கையில் மூன்று விரல் நுனி வெந்து வெள்ளையாகத் தோலுரிந்திருந்தது.

"விரல் எங்க இருக்குன்னு பாக்குறேன்."

"அப்படின்னா?"

"சக்கரைல மரத்துப் போச்சு. துணியப் புடிச்சிருக்கேனா விட்டுட்டேனான்னே தெரியறதில்ல. துணியோட கையும் போகுதோன்னு சந்தேகம் வந்தா நிறுத்திப் பாத்துக்குவேன்."

உருளைக்கு முன்னால் ஒரு காப்புக் கம்பி உண்டு. கை பட்டால் மெஷின் தானாக நிற்கும். துணி மடிப்பு பட்டாலும் நிற்கிறது என்று மேனேஜர் சொன்னதால், அதை வேலை செய்யாதபடி ஒயரால் இழுத்துக் கட்டியது நான்தான். என் கையால்.

வேறு வேலைக்கு மாற்றலாம் என்று யோசித்தேன். மடிக்கிற மேசையில் விரல் வேண்டும். அழுக்குத்துணி பிரிக்கிற இடத்தில் ஊசி கிடக்கும். குத்தினாலும் அவளுக்குத் தெரியாது. தள்ளுவண்டி ஆண்களுக்கே முதுகை ஒடிக்கிறது. விரல் கேட்காத வேலை ஒன்றுகூட எங்கள் கூடத்தில் இல்லை.

மேனேஜரிடம் போய், காப்புக் கம்பியை அவிழ்த்துவிடலாமா என்று கேட்டேன். அவர் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"நிக்குதுன்னுதானே அதைக் கட்டச் சொன்னேன்? திரும்ப அவுக்கச் சொல்றீங்க. நான் கேட்டது பேரு."

"டீ முடிச்சுட்டு வந்து சொல்றேன் சார்."

பெயர் சொன்னால் சாயந்திரம் அக்கா வீட்டுக்கு. சொல்லாவிட்டால் ஒருநாள் அந்தக் கை உருளைக்குள். திரும்பி வந்து அவளிடமே சொன்னேன்.

"பொண்ணுக்கு இன்னும் ஒரு வருசம் படிப்பு இருக்கு. அதுவரைக்கும் ஓட்டிருவேன்" என்றாள்.

"நிறுத்தாம ஓட்ட முடியுமாக்கா?"

"நீ கேக்காமலே இருந்திருக்கலாம் தம்பி. இப்ப உனக்கும் நிம்மதி போச்சு."

டீ மணி அடித்தது. கொதிக்கக் கொதிக்க ஊற்றிய எவர்சில்வர் டம்ளர்களைப் பெண்கள் முந்தானையால் பிடித்தார்கள். ஆண்கள் விளிம்பை மட்டும் தொட்டு, கை மாற்றி மாற்றி ஊதினார்கள். ஒருவன் சுட்டுக்கொண்டு டீக்காரனைத் திட்டினான். மேனேஜர் அறைக் கதவு திறந்தது. சுவரோரம் எதிர்முனைக்காரியோடு சிரித்துக்கொண்டிருந்த அக்கா, பத்து விரலாலும் டம்ளரைச் சுற்றி இறுக்கிப் பிடித்திருந்தாள்.